நான்காம் குறிப்பு: விருந்தினரைக் குறையுங்கள்

இருந்தவர்கள்: டிலானி அக்கா. பதின்மூன்று நாளான அவள் மகள் ஆரெலி. அத்தான் அருள்நேசன். வில்லியே லே பெல்லிலிருந்து பிள்ளை பார்க்க வந்த றொனால்ட் அண்ணை, அவர் மனைவி யசோதா. திரான்சியிலிருந்து சவரியம்மாள் அன்ரி. நான். இடம், லா சப்பலில் மூன்றாம் மாடி. ஞாயிறு பூசை முடிந்த மதியம்.

1

இது ஓர் அறிவுரைத் தாளாகத் தொடங்கியது. எங்கள் வட்டாரத் தாய்சேய் நிலையத்தில் குழந்தைகளை நிறுக்கும் தாதி ஆனைஸ், பிரெஞ்சில் பன்னிரண்டு குறிப்புகள் அச்சிட்ட தாளொன்றைத் தந்து தமிழில் எழுதித் தரச் சொன்னாள். ஒரு ஹோட்டலில் இரவு வேலைக்குச் சேர்ந்து, சேர்ந்த ஏழாம் மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் விட்டவன் நான். "இவனுக்கு நேரம் கிடக்கு" என்று காட்டிக்கொடுத்தது அக்கா.

முதல் மூன்றும் சுலபம். முதலாவது: பிள்ளையை எப்போதும் மல்லாத்திக் கிடத்துங்கள், தலையணை வேண்டாம். இரண்டாவது: ஒரு நாளில் எட்டுத் தடவைக்குக் குறையாமல் பால் கொடுங்கள். கையை வாய்க்குக் கொண்டுபோனால் அதுவே பசி, அழும்வரை காத்திருக்காதீர்கள். மூன்றாவது: தண்ணீர், சீனித்தண்ணீர், தேன் எதுவும் கொடுக்காதீர்கள்.

நான்காவது: விருந்தினரைக் குறையுங்கள்.

எழுதிவிடலாம். ஆனால் எந்தத் தமிழரிடம் கொடுப்பது?*

* பிள்ளை பார்க்க வராதவர் பகையாளி. வந்து அரை மணியில் எழும்பிப் போகிறவர் அதைவிடப் பெரிய பகையாளி.

2

தாளை மூடிவிட்டுக் கதையாக எழுதிப் பார்த்தேன்.

தொடக்கம் ஒன்று: தாய்மை என்பது ஒரு [வெட்டினேன். எனக்கு என்ன தெரியும்?]

தொடக்கம் இரண்டு: லா சப்பலின் கூரைகளில் மதிய வெயில் [மழை பெய்தது. வெட்டினேன்.]

தொடக்கம் மூன்று, எண்கள் மட்டும். ஆரெலி பிறந்தபோது மூன்று கிலோ நூற்றைம்பது கிராம். வெள்ளிக்கிழமை இரண்டு கிலோ தொள்ளாயிரம். ஆனைஸ் தராசை ஒருமுறை பார்த்தாள், அக்காவை இருமுறை பார்த்தாள்.

"பால் எப்போது கொடுக்கிறீர்கள்?"

"ஆட்கள் போன பிறகு."

"ஆட்கள் எப்போது போவார்கள்?"

அக்கா சிரித்தாள். ஆனைஸ் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை காலை மறுபடி நிறுப்பதாகவும், எடை ஏறாவிட்டால் மருத்துவமனையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆரெலி செய்ய வேண்டியது ஒன்றுதான். குடிக்க வேண்டும்.

3

சவரியம்மாள் அன்ரியைக் கெட்டவராக எழுத முயன்றேன். கதைக்கு வசதியாக இருந்திருக்கும். வரவில்லை. மழையில் பஸ் ஏறி, பிள்ளை பெற்றவளுக்கென்று சரக்குத்தூள் போட்ட மீன்கறியைச் சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர். காலைக் கூட நீட்டாமல் பிள்ளையைக் கேட்டார்.

"எங்கை, இஞ்சை தா பாப்பம். என்ன பிள்ளை, இப்பிடி மெலிஞ்சிருக்கிறாள்? பால் காணாதோ?"

"காணும் அன்ரி."

"ஒரு கரண்டி சீனித்தண்ணி குடுத்தா என்ன?"

"வேண்டாமெண்டு தாதி சொன்னவ."

"அவை சொல்லுவினம். உன்ர புருசன் உதிலைதான் வளர்ந்தவன். பார், ஆள் எப்பிடி இருக்கிறான்."

எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். அத்தான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பிள்ளை மடி மாறியது. யசோதா அக்காவிடம். பிறகு றொனால்ட் அண்ணையிடம். அங்கே அது முஷ்டியை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது.

"டேய் அருள், இவள் பொக்ஸர்! கையைப் பாரன், அடிக்கப்போறாள்!"

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் குறிப்பு எனக்கு மனப்பாடம். நானும் சிரித்தேன்.

அக்கா குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். ஆண்கள் இருக்கும் இடத்தில் அவள் பால் கொடுக்க மாட்டாள். இருப்பதோ ஒரே கூடம்.

"அண்ணை, எத்தினை மணி ரயில்?" என்று கேட்டாள். அதைவிட வெளிப்படையாக எங்கள் ஆட்களால் கேட்க முடியாது.

"அவசரப்படாதை பிள்ளை. ஆறு மணிக்குத்தான் போறம். இவ்வளவு தூரம் வந்தது பத்து நிமிசம் இருக்கவே?"

மணி இரண்டரை.

4

ஒரு திருத்தம். 'ஒரே கூடம்' என்று மேலே எழுதியது பொய். இந்த வீட்டில் ஓர் அறை உண்டு. கதவும் பூட்டும் திறப்பும் உள்ள அறை. இரவு வேலைக்காரன் பகலில் தூங்க வேண்டும் என்று அத்தான் எனக்கு விட்டுக்கொடுத்தது. வேலையை விட்டு மூன்று மாதம். அறையை விடவில்லை. பிள்ளைத்தொட்டிலும் அவர்கள் கட்டிலும் கூடத்தில்தான் கிடக்கின்றன. முந்திய வரைவில் இந்த அறையை வீட்டுக்காரரின் சாமான் அறை என்று எழுதியிருந்தேன். நன்றாகவே பொருந்தியது.

தாதியின் பன்னிரண்டு குறிப்புகளில் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. ஐந்தாவதற்குக் கீழே இடம் இருக்கிறது, நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம்: சும்மா இருக்கும் மைத்துனர்களை அறையிலிருந்து எழுப்புங்கள்.

5

முடிவுக்கு மூன்று வழி பார்த்தேன்.

(அ) ஆனைஸ் திடீரென்று வந்து எல்லோரையும் அனுப்புகிறாள். [ஞாயிற்றுக்கிழமை. வர மாட்டாள்.]

(ஆ) அத்தான் எழுந்து, "பிள்ளைக்குப் பசிக்குது, நீங்கள் போட்டு வாங்கோ" என்கிறார். [அத்தானைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம். அவர் அப்போது இன்னொரு ஃபன்டாப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தார்.]

(இ) நான் எழுந்து, "அக்கா, என்ர அறைக்குப் போ" என்கிறேன். [மூன்று தடவை எழுதினேன். நன்றாக இருந்தது. நடக்கவில்லை.]

திங்கட்கிழமைத் தராசு என்ன காட்டியது என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு வேண்டிய எடையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளில் முப்பது கிராம் ஏறினால் நல்லது என்கிறது ஆறாம் குறிப்பு. பேராசைப்படாதீர்கள்.

நான் கண்டது இவ்வளவுதான். அக்கா தேத்தண்ணித் தட்டைக் கொண்டுவந்து தொலைக்காட்சிக்கு முன்னால் வைத்தாள். றொனால்ட் அண்ணையின் பகிடி பாதியில் நிற்க, அவர் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கினாள்.

"என்னடி பிள்ளை, அவள் இன்னும் அழவே இல்லை!" என்றார் அன்ரி.

"அழட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கேலாது அன்ரி. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

நேரே என் அறைக்குப் போனாள். என் போர்வை வெளியே வந்து விழுந்தது. தலையணை வந்தது. பிறகு ஒரு காற்சட்டை. யசோதா அக்கா மறுபக்கம் பார்த்தார்.

"அக்கா, என்ர போன் சார்ஜர் உள்ளை..."

"பிரின்ஸ்டன், இனி நீ கூடத்திலை படு."

கதவு சாத்தப்பட்டது. திறப்பு உள்ளே இரண்டு தரம் திரும்பியது.