இரண்டாவது டிஸ்க்

கலைவாணனின் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்து ஒரு வாரம் ஆகப்போகிறது.

கடையில் கொடுத்து ஏற்றிக்கொள்கிற சிஸ்டமாக இருந்தால் இந்தப் பாடே இல்லை. இது லினக்ஸை மூல நிரலிலிருந்து ஒவ்வொரு துண்டாக இறக்கி, தானே கம்பைல் செய்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. ரெடிமேடாக எத்தனையோ கிடைக்கும்போது எந்தக் கிறுக்கனாவது இந்த வேலையைச் செய்வானா? செய்தானே, கோட்டுச்சேரியில் ஒருத்தன்! ஒருத்தன் மட்டும் இல்லை, இரண்டு பேராகச் சேர்ந்து ஆரம்பித்தார்கள். வம்பே அங்கேதான்.

இன்னொருத்தன் அஃப்ரித். காரைக்கால் டவுனில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் வீடு. பாலிடெக்னிக்கில் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், அஃப்ரித் தன் ஹார்டு டிஸ்க்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கோட்டுச்சேரிக்கு வந்துவிடுவான். கலைவாணன் வீட்டு மாடியறைக் கம்ப்யூட்டரில் முதல் இடத்தில் அதை மாட்டுவார்கள். அதில் ஏற்கெனவே ஓடுகிற ஒரு லினக்ஸ் இருந்தது. அந்த லினக்ஸில் உட்கார்ந்துகொண்டு, இரண்டாவது இடத்தில் இருக்கும் கலைவாணனின் டிஸ்க்கில் புதுசைக் கட்டுவது. மெஷின் கணக்கில் முதல் டிஸ்க் ‘ஏ’, இரண்டாவது ‘பி’. இவர்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். ஏ என்றால் அஃப்ரித், பி என்றால் கலை.

பாதி கட்டியிருக்கும்போதே அஃப்ரித்துக்குத் தோஹா விசா வந்துவிட்டது. புறப்படுவதற்கு முன்னால் வந்து, "என் டிஸ்க் இங்கயே இருக்கட்டும்டா. நீ கட்டி முடி. முதமுதல்ல அது தன்னால எந்திரிக்குதுல்ல, அன்னிக்கு எனக்குப் போனப் போடு. டூட்டில இருந்தாலும் எடுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதலில் தினம் பேசினார்கள். அப்புறம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை. அப்புறம் பெருநாளைக்கும் பொங்கலுக்கும். கடைசியில் மெசேஜுக்கு இரண்டு நீல டிக் மட்டும் வந்தது. கலைவாணனுக்கு வேறு கூட்டாளியே இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. சிலருக்கு அப்படித்தான் அமைகிறது, என்ன செய்ய? கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை, அது விட்டால் வீடு, மாடியறை. சும்மா கூப்பிட்டால் தொந்தரவாக நினைப்பானோ என்று கூச்சம். கூப்பிட ஒரு காரணம் வேண்டும். இரண்டு வருஷமாக அந்தக் காரணத்தைத்தான் அவன் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தான். இது எழுந்தால் அஃப்ரித்தைக் கூப்பிடலாம், கூப்பிட்டால் பழையபடி ஆகிவிடும். அவ்வளவுதான் அவன் நம்பிக்கை.

எல்லாம் முடிந்து, ஒரு தடவை எழுப்பிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தபோதுதான் ஆட்டோ ஓட்டுகிற மணிபாரதி ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். அஃப்ரித் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரன்.

"அஃப்ரித்து அவன் டிஸ்க்க வாங்கிட்டு வரச் சொன்னான்."

தோஹாவிலிருந்து போனில் சொல்லியிருப்பான் என்று கலைவாணன் நினைத்துக்கொண்டான். நமக்கே போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே என்று ஒரு சுருக். சரி, பிஸியாக இருப்பான். சாயங்காலம் டிஸ்க்கைக் கழற்றிப் பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தனுப்பினான். இனி நம்முடையது தன் காலில் நிற்கட்டும் என்று ஒரு தெம்பும் இருந்தது.

எங்கே நின்றது? பட்டனை அழுத்தியதும் திரையில் கடகடவென்று எழுத்து ஓடி, நட்டநடுவில் அப்படியே உறைந்துவிட்டது. கெர்னல் பேனிக், அதாவது சிஸ்டத்தின் மூளையே கைவிரித்துவிட்டது. டிஸ்க்கைப் பகுதி பகுதியாகப் பிரித்துவைத்த பார்ட்டிஷன்களில் பி-யின் இரண்டாவதைத் திறக்க முடியவில்லை என்றது. கண்ணுக்குத் தெரிகிற பார்ட்டிஷன்கள் என்று கீழே ஒரு வரி: ஏ ஒன்று, ஏ இரண்டு.

பி-யைக் காணோமாமே! அப்படியானால் தன் டிஸ்க் போய்விட்டதா? கேபிளை மாற்றினான். தூசி ஊதினான். பென் டிரைவில் வேறொரு லினக்ஸைப் போட்டு எழுப்பி, கெர்னலில் ஏதாவது டிரைவர் விட்டுப்போயிருக்குமோ என்று முதலிலிருந்து திரும்பக் கம்பைல் செய்தான். அப்போதெல்லாம் டிஸ்க் திறந்தது, ஃபைல்களும் பத்திரமாக இருந்தன. தானாக எழச் சொன்னால் மட்டும் அதே இடத்தில் மண்டையைப் போட்டது. அஃப்ரித்தின் டிஸ்க்கை எடுத்ததிலிருந்துதான் இந்தக் கிரகசாரம். அதை ஒருநாள் இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினான்.

அஃப்ரித்தின் தாயார் ஷரீபுன்னிசா கதவைத் திறந்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"வா தம்பி, வா! அவன் போனதும் வீடே வெறிச்சுனு ஆயிடுச்சு. நீயாவது வந்தியே."

"எப்ப போனான் உம்மா?" அவர் ஏதோ பழைய கதை பேசுகிறார் என்று நினைத்துத்தான் கேட்டான்.

"வியாழக்கிழமதானே பிளைட்டு? உனக்குத் தெரியாதா என்ன. வந்து நாலு நாளுகூட ஒழுங்கா வீட்ல இருக்கல. எப்பப் பாரு, கலை வீட்டுக்குப் போறேன், கலை வீட்டுக்குப் போறேன்னு பைக்கைத் தூக்கிட்டுப் போயிடுவான். பெத்தவகிட்ட பேச ஏதுடா நேரம், அந்தப் புள்ளகிட்டயே இருந்துக்கன்னு நான்கூட வஞ்சேன்."

அஃப்ரித் லீவில் வந்து ஊரில் இருந்திருக்கிறான். பஸ் ஏறினால் இந்தா என்று வந்துவிடுகிற தூரத்தில் இருந்துகொண்டு ஆட்டோக்காரனை அனுப்பியிருக்கிறான். எங்கெங்கேயோ சுற்றிவிட்டு இவன் பெயரைச் சொல்லியிருக்கிறான். அடப்பாவி!

"உனக்கு அத்தர் வாங்கிட்டு வந்திருந்தானே, கொடுத்தானா? நான்தான் தம்பிக்குனு தனியா எடுத்து வச்சேன்."

"கொடுத்தான் உம்மா."

"வாசன நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

டிஸ்க்கைப் பற்றிக் கேட்டான். அதை அஃப்ரித் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். பழைய போட்டோ எல்லாம் அதில் இருக்கிறதாம். அவர் வைத்த டீயைக் குடித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போ என்றதற்கு இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லி எழுந்தான். வாசல்வரை வந்து, "அவன் இல்லேன்னு வராம இருந்துடாதே" என்றார். அந்த அம்மாளிடம் போய் எதைச் சொல்ல முடியும்?

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். இருவர் அமரும் சீட்டில் ஓரமாக இடம் கிடைத்தது. அழுகை வந்துவிடுமோ என்று பயந்து முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தான். தலத்தெருவில் ஜன்னலோரத்து ஆள் இறங்கினார். எல்லோரும் செய்கிற மாதிரி இவனும் நகர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்தான். இவன் இருந்த இடத்தில் ஒரு பை வந்தது, பைக்குப் பின்னால் ஒரு அம்மாள் வந்தார்.

கோட்டுச்சேரி வளைவு வருவதற்குள் அவனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

ஏ-யில் இருந்தவன் எழுந்து போய்விட்டான். பி நகர்ந்து ஏ ஆகிவிட்டது. மெஷின் யார் முதலில் இருக்கிறார்களோ அவர்களை ஏ என்றுதான் கூப்பிடும், அதற்கு அஃப்ரித்தும் தெரியாது, கலையும் தெரியாது. ஆனால் கட்டும்போது இவன் எழுதிவைத்தது, போய் பி-யில் தேடு என்று. இல்லாத பி-யில் அது தேடித் தேடி விழுந்துகொண்டிருக்கிறது. ஏ ஒன்று, ஏ இரண்டு என்று திரையில் வாரம் பூராவும் காட்டிக்கொண்டிருந்ததே, அது இவனுடையதுதான்! ஏ என்று பார்த்ததும் அஃப்ரித் என்று நினைத்தானே தவிர, அது தானாக இருக்கும் என்று இந்த மரமண்டைக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

மாடிக்குப் போனான். பென் டிரைவில் எழுப்பினான். ஏ, பி என்று எழுதிவைத்திருந்த வரிகளையெல்லாம் அழித்தான். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உருவாகும்போதே ஒரு நீளமான எண் விழுந்துவிடும். யார் வந்தாலும் போனாலும், எந்த இடத்தில் மாட்டினாலும் அது மாறாது. இனி அதை வைத்தே தேடு என்று இரண்டு இடத்தில் எழுதி, சரிபார்த்து, பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பட்டனை அழுத்தினான்.

எழுத்து ஓடியது. வழக்கமாக விழுகிற இடத்தைத் தாண்டியது. கறுப்புத் திரையில் பெயர் என்ன என்று கேட்டு நின்றது.

எழுந்துவிட்டது. தன்னந்தனியாகக் கட்டியது, தன்னால் எழுந்துவிட்டது! கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் கீழே அம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவருவார். வேறு யார் இருக்கிறார்கள் சொல்ல? சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே என்று போனை எடுத்தான்.

அஃப்ரித் இரண்டாவது தடவைதான் எடுத்தான். "சொல்றா கலை. அவசரமா? டூட்டில இருக்கேன்."

"எந்திரிச்சுடுச்சுடா."

"எது?"

கலைவாணன் திரையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "நம்ம லினக்ஸுடா" என்றான்.

"ஓ, அதா! இன்னும் அதையா பண்ணிட்டிருக்கே? சூப்பர்டா. எனக்கும் ஊருக்கு வரணும்னு ஆசைதான், லீவே கொடுக்க மாட்டேங்குறான். ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு பாரு. வந்தா மொத வேலையா உன் வீட்டுக்குத்தான் வருவேன்."

"அஃப்ரித்து."

"சொல்லு."

"இன்னிக்கு உம்மாவப் பாத்தேன். நீ தினம் எங்க வீட்டுக்கு வந்துட்டிருந்தேன்னும், அத்தர் கொடுத்தேன்னும் சொல்லிருக்கேன். கேட்டாங்கன்னா நீயும் அதையே சொல்லு. மாத்திச் சொல்லிடாதே, அவங்க மனசு கஷ்டப்படும்."

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கலைவாணன் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனை வைத்தான்.

திரை இன்னும் பெயர் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் உள்ளே நுழைய இரண்டு பேர் பெயரிலும் கணக்கு வைத்திருந்தான். அஃப்ரித்தினுடையதை முதலில் போட்டிருந்தான். அதை அழிக்க ஒரு வரி போதும், ஆனால் கை வரவில்லை. தன் பெயரை அடித்து உள்ளே போனான்.