பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

வியாழக்கிழமை மத்தியானம் அருள்பாண்டியின் போன் வந்ததிலிருந்து அலர்மேல்மங்கைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். வாசலிலிருந்து திரும்பி வந்து பாலை மறந்துவிட்டுப் பூஜை அறைக்குள் போனாள்.

அருள்பாண்டி திருமங்கலத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்யாண ஆல்பங்களின் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

"அக்கா, படமெல்லாம் ஹார்ட் டிரைவ்ல போட்டுக் குடுத்து விடுறேன். கல்யாணப் பொண்ணு திங்கக்கிழமை வெளிநாடு கெளம்புது. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பக்கம் பூரா என் கைக்கு வந்துரணும். இது மட்டும் நல்லா வந்துச்சுன்னா ஆவணி முகூர்த்தம் மொத்தமும் ஒங்களுக்குத்தேன். முடியலேன்னா இப்பவே சொல்லிருங்க, நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

"முடியும் தம்பி, முடியும்!" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மானிட்டர் இருந்தது. அதற்கு உயிர் கொடுக்கும் பெட்டி சித்திரை மாதத்து இடியில் புகைந்து போயிருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு ஸ்டூடியோவில் இந்த வேலைதான் பார்த்தாள். பிள்ளைகள் பிறந்த பிறகு வெளியே போக முடியவில்லை. வீட்டிலிருந்தே செய்யும்படி இந்த வேலை அமைய வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளாத சனிக்கிழமை கிடையாது. இப்போது பெருமாள் கண் திறந்துவிட்டார். கெடு மட்டும் கொஞ்சம் குறைவாகக் கொடுத்திருக்கிறார்.

கணவன் கிரிதரன் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறவன். செய்தியைக் கேட்டதும் அவனுக்கும் அதே பரபரப்பு தொற்றிக்கொண்டது. சாயங்காலம் திருநகரிலிருந்து அவளை நேராக டவுன் ஹால் ரோட்டுக்கு வரச் சொன்னான். அவள் வந்து சேர்வதற்குள் கம்ப்யூட்டர் வாங்குவதைப் பற்றிப் போனில் ஏழெட்டு வீடியோ பார்த்து முடித்திருந்தான்.

அந்த ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படி ஏறினால் ஞானமுத்துவின் கடை. புதிய பாகங்களும் பழைய பாகங்களும் விற்கிற சின்னக் கடை. சுவரில் மாதா படம், அதன் கீழே சுருட்டிய வயர்கள். ஞானமுத்துவுக்கு ஐம்பது வயதிருக்கும். பில் போடும் மேசை காலியாக இருந்தது.

"பில் போடுற அம்மா சர்ச்சுல நொவீனா ஜெபத்துக்குப் போயிருக்கு. கையாலதான் எழுதித் தரணும், பரவாயில்லயா?" என்று கேட்டபடியே நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

கிரிதரன் போனை நீட்டினான். "அண்ணே, இந்த மாதிரி கண்ணாடிப் பெட்டி வேணும். உள்ள கலர் கலரா லைட்டு ஓடணும்."

"எதுக்கு சார், தெப்பத்துக்கா?"

"வீடியோல இதான் பெஸ்டுன்னு சொன்னாய்ங்கண்ணே."

"வீடியோல பேசுறவரு கேம் விளாடுறவரு. நீங்க என்ன வேலை பாக்கப் போறீங்க?"

"வேலை பாக்கப்போறது நான் இல்ல. இவங்க."

ஞானமுத்து தன் நாற்காலியை அலர்மேல்மங்கை பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு கேள்வியையும் அவளிடம்தான் கேட்டார். அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

"கல்யாண ஆல்பம்ணே. ஒவ்வொரு பக்கமும் பெருசு பெருசா இருக்கும். பழைய மிஷின்ல ஒரு தடவை சேவ் குடுத்துட்டுப் போயி சோறு வடிச்சுட்டு வந்துருவேன்."

ஞானமுத்து வாய்விட்டுச் சிரித்தார். "இனிமே சோறு குழையாம பாத்துக்கிருவோம். கேளுங்க. கண்ணாடிப் பெட்டி வேணாம், பெட்டிங்கிறது வெறும் தகரந்தேன். கேம் விளாடுற கார்டும் இப்போதைக்கு வேணாம். பிராசசர், ஆபீஸ்ல கழட்டுனது ஒண்ணு போர்டோட இருக்கு, நீங்க பாக்குற வேலைக்கு அது நல்லா இழுக்கும். படம் சேத்து வைக்கிற எஸ்எஸ்டி மட்டும் புதுசா வாங்குங்க, அதுல பழசு கூடாது. பவர் சப்ளையிலயும் மிச்சம் பிடிக்காதீங்க. அது போகும்போது தனியாப் போகாது, நாலு பேரைச் சேத்துக் கூட்டிட்டுப் போகும்."

"சித்திரையில அப்பிடித்தேன் போச்சு!" என்றாள் அவள். கண்ணாடிப் பெட்டியை வேண்டாமென்று விட்டதில் எவ்வளவு மிச்சம் என்று கிரிதரன் மனசுக்குள் கூட்டிப் பார்த்து, வீடியோவை மூடினான்.

"ரேம்தான் இடிக்குது," என்றார் ஞானமுத்து. "ஒங்களுக்குப் பதினாறு ஜிபி வேணும். எட்டு எட்டா ரெண்டு பட்டை. ரேம் விலை இப்ப நகைக்கடை போர்டு மாதிரி தெனமும் ஏறுது." விலையைச் சொன்னார்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரருக்குப் புரியாது என்ற தைரியத்தில், வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழிக்கு மாறினார்கள்.

"ஏங்க, என் தோட்டை வச்சிரலாம். ஆவணில மீட்டுக்கலாம்."

"அது உங்க அம்மா போட்டது. வேணாம். எட்டே போதும்னு சொல்லு."

"எட்டை வச்சு ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியாதுங்க. எனக்குத் தெரியும்."

ஞானமுத்து எதையோ தேடுகிறவர் போல எழுந்து பில் மேசைக்குப் பின்னால் குனிந்தார். திருகாணி கழலும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் துணியால் துடைத்த இரண்டு ரேம் பட்டைகளோடு வந்தார்.

"ஒரு பழைய மிஷின்ல கெடந்துச்சும்மா. நல்ல பீசு. புதுசு வெலையில பாதிகூடக் குடுக்க வேணாம்."

அலர்மேல்மங்கை தன் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது காதிலேயே இருக்கப் போகிறது.

"அண்ணே, இன்னொண்ணு. எல்லாத்தையும் மாட்டிராதீங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை. சாமிகிட்ட வச்சு எடுத்துட்டு நாங்களே மாட்டிக்கிறோம்."

"நான் மாட்டிருவேன்ணே," என்றான் கிரிதரன், நெஞ்சை நிமிர்த்தி.

"சந்தோசமா மாட்டுங்க. பிராசசரையும் ஃபேனையும் மட்டும் நான் போர்டுல வச்சுத் தாரேன். மத்தது நாலு ஸ்க்ரூ, நாலு வயரு."

வெள்ளிக்கிழமை காலையில் பெருமாள் படத்துக்கு முன்னால் வாழை இலை விரித்து, பாகங்களை வரிசையாக வைத்தாள். அவளுடைய அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். ஆயுத பூஜைக்கு இயந்திரத்தை மொத்தமாகக் கழற்றி, கழுவி, ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியே சந்தனமும் குங்குமமும் வைப்பார். மூடிய பிறகு வைக்கும் பொட்டு மூடிக்குத்தான் சேரும், உள்ளே உழைப்பதற்குச் சேராது என்பது அவர் கணக்கு. மகளும் அப்படியே செய்தாள். பவர் சப்ளையின் தகரத்தில் ஒன்று, எஸ்எஸ்டியின் மூடியில் ஒன்று. போர்டைத் தொடப் போனவளைக் கிரிதரன் தடுத்தான். "அதுல ஈரம் படக்கூடாது!"

மிச்சம் இருந்தவை ரேம் பட்டைகள். அவற்றின் ஒரு விளிம்பு முழுவதும் தங்கக் கம்பிகளை வரிசையாக வைத்து இழைத்த மாதிரி மின்னியது. அதைவிட மங்கலமான இடம் எது? அங்கே சின்னதாக, அழகாக, பட்டைக்கு ஒன்றாக இரண்டு பொட்டு.

சூடம் காட்டினாள். கிரிதரன் போனைச் சுவரில் சாத்தி வைத்து, வீடியோவைப் பார்த்துப் பார்த்து மாட்டினான். ரேம் பட்டை 'டக்'கென்று உட்கார்ந்தபோது இரண்டு பேரும் கைதட்டினார்கள். பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள். சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றியது.

"ஓடுது! ஓடுது!"

திரை கறுப்பாகவே இருந்தது. போர்டு மட்டும் விட்டு விட்டுக் கூவியது. அணைத்துப் போட்டார்கள். மறுபடியும் விசிறி, மறுபடியும் கூவல், கறுப்புத் திரை.

அலர்மேல்மங்கையின் முகம் வாடியது. அருள்பாண்டி கொடுத்தனுப்பிய டிரைவ் மேசையில் கிடந்தது. அதற்குள் ஒரு பெண்ணின் கல்யாணம் முழுவதும் இருந்தது.

பெட்டியைத் துண்டில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பெரியார் நிலையத்துக்கு வந்தார்கள். வழி நெடுகக் கிரிதரனுக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. கடையில் நுழைந்ததும் மனைவியிடம் தங்கள் மொழியில் பொரிந்தான். "பழசு பழசுன்னு சொல்லும்போதே எனக்குச் சந்தேகம். செத்த ரேமை நம்ம தலையில கட்டிட்டான். நல்லவன் மாதிரிப் பேசுறவனை நம்பவே கூடாது."

ஞானமுத்து அவன் முகத்தை ஒரு நொடி பார்த்தார். "பெட்டியைக் குடுங்க சார், பாப்போம்," என்றார்.

பில் மேசையில் இன்று அவர் மனைவி அற்புதமேரி உட்கார்ந்திருந்தாள். எதிரே நின்ற ஆளிடம் அலுத்துக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிசம் இருங்கண்ணே, இந்த மிஷினு தூங்கி எந்திரிக்கட்டும். நேத்து வரைக்கும் நல்லாத்தேன் இருந்துச்சு. நான் நொவீனாவுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள இந்த மனுசன் உள்ள இருந்த ரெண்டு ரேமையும் கழட்டிட்டு, ஏதோ நாலு ஜிபியைச் சொருகி வச்சிருக்காரு. யாருக்கோ தூக்கிக் குடுத்திருப்பாரு. லாபம்னா இவருக்கு அலர்ஜி, ஒடம்பெல்லாம் தடிச்சுரும்."

கிரிதரன் அப்படியே நின்றான். நேற்று அந்த மேசைக்குப் பின்னால் கேட்ட திருகாணிச் சத்தம் அவன் காதில் மறுபடியும் கேட்டது. அலர்மேல்மங்கையும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானமுத்து ரேம் பட்டையை உருவி, விளக்குக்கு நேரே பிடித்தார். மின்னும் விளிம்பின் நடுவே, காய்ந்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும்.

"யாரு வச்சது?"

"நான்தாண்ணே," என்றாள் அலர்மேல்மங்கை. "தங்கமா இருந்துச்சு. அதான் நல்ல இடம்னு..."

அவர் சிரிக்கவில்லை. மேசை டிராயரிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பர் ஒன்றை எடுத்து, விளிம்பை மெல்லத் தேய்த்தார். "போர்டும் ரேமும் பேசிக்கிறதே இந்தப் பல்லு வழியாத்தேன். வாயில சந்தனத்தைப் பூசுனா எப்பிடிப் பேசும்? தூசி படிஞ்சாலும் இதே கூப்பாடுதான் போடும். அப்ப பயப்படாதீங்க, கரண்டை நிறுத்திட்டு ரப்பரை வச்சு இப்பிடித் தேய்ங்க. காசு செலவில்லாத வைத்தியம்." பட்டை சொருகும் பள்ளத்தைச் சின்னப் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, இரண்டையும் மாட்டி, சுவிட்சைப் போட்டார்.

திரை வெளுத்தது. எழுத்துகள் ஓடின.

"வந்துருச்சு!" அலர்மேல்மங்கை கடை என்பதையும் மறந்து கத்தினாள். பில்லுக்குக் காத்திருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஞானமுத்து கிரிதரன் பக்கம் திரும்பி, அவர்களுடைய சௌராஷ்டிர மொழியிலேயே, கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார்: "ரேம் சாகலை தம்பி. சாமி கும்பிட்டுட்டு இருந்துச்சு."

கிரிதரனுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"முனிச்சாலையில ஒரே காம்பவுண்டுல வளந்தேன்," என்றார் அவர், இப்போது தமிழில். "சுத்தி ஒங்க ஆளுங்கதான். ஒங்க பாஷையிலதான் நான் கிட்டிப்புள்ளே விளாண்டேன்."

"அப்ப நேத்து... தோட்டை வைக்கிறதாப் பேசுனது..."

"காதுல விழுந்துருச்சு. விழுந்ததை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"இப்ப நான் பேசுனதும் விழுந்துச்சே," என்றான் கிரிதரன். "மன்னிச்சிருங்கண்ணே."

"அது விழல," என்றார் ஞானமுத்து.

ஒருவருக்கு உதவி செய்வது பெரிய விஷயம்தான். உதவி பெற்றவர் தலை குனியாமல் பார்த்துக்கொள்வது அதனினும் பெரியது. அந்தச் சின்னக் கடையில் அன்று இரண்டுமே நடந்தன. ஆனால் அலர்மேல்மங்கையால் அப்படியே வாங்கிக்கொண்டு போக முடியவில்லை. அவள் நேராகப் பில் மேசைக்குப் போனாள்.

"அக்கா, ஒங்க மிஷின்ல இருந்து கழட்டுன ரேம் எங்ககிட்டதான் இருக்கு. ஒண்ணை இப்பவே மாட்டிக்கங்க. நான் எட்டை வச்சு எப்பிடியாச்சும் முடிச்சுருவேன்."

அற்புதமேரி கணவனைப் பார்த்தாள். அவர் மாதா படத்தைப் பார்த்தார்.

"எம்புட்டு நாள் வேலை?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும்க்கா. குடுத்தாத்தான் ஆவணி வேலையெல்லாம் எனக்கு."

"அப்ப போயி வேலையைப் பாரு. வாசல்ல நின்னு எட்டா பதினாறான்னு பேசிக்கிட்டு. திங்கக்கிழமை ஒண்ணைக் கொண்டாந்து நீயே மாட்டிவிடு. அதுவரைக்கும் நான் கையால எழுதுறேன். கான்வென்ட்ல படிச்ச கையெழுத்து, சும்மாத்தேன் கெடக்கு." பிறகு கணவனிடம், "நீங்க ராத்திரிக்குச் சாப்பிட வாங்க, பேசிக்கிறேன்," என்றாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள்.

கிளம்பும்போது ஞானமுத்து பெட்டியின் முன்பக்கத் தகரத்தைத் தட்டிக் காட்டினார். "இங்க வைங்கம்மா பொட்டை. பெருசாவே வைங்க. உள்ள இருக்குறது வரைக்கும் சாமி பாத்துக்கிருவாரு, அவருக்குத் தகரம் மறைக்காது."

அன்று மாலையே ஆல்பத்தின் முதல் பக்கம் திரையில் விரிந்தது. சேவ் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகத் திரும்பினாள், அதற்குள் முடிந்திருந்தது! நம்பாமல் இன்னொரு தடவை கொடுத்துப் பார்த்தாள். கிரிதரன் இரண்டு நாளும் சமைத்தான். உப்பு கூடியது, குறைந்தது, யாரும் கவனிக்கவில்லை. மணமகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுத படத்துக்கு அலர்மேல்மங்கை ஒரு முழுப் பக்கம் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைப்பதற்கு முன்னால் கடைசிப் பக்கமும் திருமங்கலம் போய்ச் சேர்ந்தது.

போனில் அருள்பாண்டி கத்தியது வாசலுக்குக் கேட்டது. "அக்கா! பொண்ணோட அம்மா பாத்து அழுதுட்டாங்க! ஆவணி ஒங்களுக்குத்தேன்க்கா, எழுதி வச்சுக்கங்க!"

திங்கட்கிழமை காலையில் கடை திறந்தபோது அலர்மேல்மங்கை படியில் நின்றிருந்தாள். கையில் சர்க்கரைப் பொங்கல் தூக்கு, கைக்குட்டையில் சுற்றிய ஒரு ரேம் பட்டை. பில் மேசை மிஷினின் கரண்டை நிறுத்தி, மூடியைக் கழற்றி, அழிரப்பரால் விளிம்பைத் தேய்த்து, தானே மாட்டினாள். 'டக்'கென்று உட்கார்ந்தது.

"பொட்டு வைக்கலியா?" என்றார் ஞானமுத்து, பொங்கலை வாயில் போட்டபடி.

"என் மிஷினை நான் பாத்துக்கிறேன்," என்ற அற்புதமேரி, பெட்டியின் மேல் கட்டைவிரலால் ஒரு சிலுவை வரைந்தாள். "நீ சுவிட்சைப் போடு தாயி."

அலர்மேல்மங்கை போட்டாள். திரை உடனே விழித்துக்கொண்டது. அற்புதமேரி மூன்று நாளாகக் கையால் எழுதிய பில் புத்தகத்தை மூடி உள்ளே தள்ளிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"ம், பேரைச் சொல்லு. ஆவணிக் காசு கைக்கு வந்ததும் இன்னொரு ரேம் வாங்க வருவேல்ல, இப்பவே ஏத்தி வைக்கிறேன்."