ஐந்து துண்டு

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லும் நீளமான இங்கிலீஷ் சொல்லை நோயாளியின் வீட்டார்தான் எடுத்துப்போக வேண்டும். என் வீட்டுக்காரர் தங்கமுத்துவின் கிட்னியைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது 'இர்ரிவர்சிபிள்'. இனித் திரும்பாது என்று அர்த்தமாம். அவ்வளவு நீளச் சொல் ஆட்டோவில் ஏறவில்லை.

வார்டு ஆள் ரம்பம் கொண்டுவந்து, கறிக்கடையில் மூட்டுப் பார்ப்பதுபோல அசை பார்த்து அறுத்தார். இர், ரி, வர், சி, பிள். ஐந்தும் ஒரே வீட்டில் சேராதவரை நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. அதனால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வது வழக்கம்.

வர்தான் சொல்லின் தண்டு, நல்ல கனம். மூத்தவர் என்று வீட்டுக்காரரின் அண்ணன், என் மச்சாண்டார், அதை வாங்கிக்கொண்டார். சி நாத்தனார் வீட்டுக்குப் போனது. முன்னால் நிற்கும் இர் சின்னதுதான், ஆனால் 'இல்லை' என்று முரண்டு பிடிக்கும். அதை என் அண்ணன் எடுத்துக்கொண்டார். ரி, பிள் இரண்டையும் நானே கட்டிலுக்கு அடியில் வைத்தேன். உயிருள்ளவரை வைத்திருப்போம் என்று எல்லோரும் அழுதார்கள்.

ஆடி கழிந்ததும் நாத்தனார் கட்டைப்பையோடு வந்தார்.

"பொண்ணுப் பாக்க வராங்க நங்கையா. இது ஊட்ல கெடந்தா நல்லாவா இருக்கும்?"

மச்சாண்டார் வரவில்லை. வர் மட்டும் டெம்போவில் வந்தது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இங்கே எந்தச் சதையும் ஆடவில்லை.

கட்டிலுக்கு அடியில் நாலும் நெருங்கிப் படுத்துக்கொண்டன.

"இன்னும் எத்தன பாக்கி?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"எங்க அண்ணங்கிட்ட ஒண்ணு இருக்குதுங்க."

"அவரு நல்லவரு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். கையில் பை.

"அம்முணி, எதக் கேட்டாலும் இது முந்திக்கிட்டு இல்ல இல்லைங்குது. ஊட்ல மனுசன் இருக்க முடியல."

"ஒரே ஒரு மாசம்ணா," என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். மானம் எல்லாம் விட்டுக் கெஞ்சினேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் பையை இறக்கினார். கட்டிலுக்கு அடியில் பீரோ மூடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

சாயங்காலமே எல்லோரும் வந்துவிட்டார்கள். சொல்லைக் கூடத்தில் கிடத்தி மாலை போட்டார்கள். நாத்தனார் சி மேல் விழுந்து, "நாந்தான பாத்துக்கிட்டேன்," என்று அழுதார். சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து காபி வந்தது. தங்கமுத்துதான் எழுந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

"சக்கர போதுங்களாண்ணா?" என்று கேட்டார்.

மச்சாண்டார் டம்ளரை வாங்கிக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்து, "போதும் அம்முணி," என்றார்.