ஓர் எழுத்தால் நின்ற பணம்

வருமான வரியில் கூடுதலாகப் பிடித்த பணம் திரும்பி வரப்போகிறது என்று மகள் சொன்னதிலிருந்து வேன்காரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் அவளுடைய வேன், இன்ஜின் படுத்து மெக்கானிக் கொட்டகையில் கிடந்தது. அந்தப் பணம் வந்தால்தான் எழுந்திருக்கும். அவள் ஊரெல்லாம் அளந்துவிட்டதோ வேறு. "அரசாங்கமே எம்பொண்ணுக்குக் கடன்பட்டிருக்கு, தெரியுமா?"

கடன்பட்ட அரசாங்கம் வாயே திறக்கவில்லை. பெற்றோர்கள் வேறு வண்டி பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருநாள் மகள் கணினியைத் துருவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பணம் வங்கிவரை போய், பெயர் ஒத்துப்போகாமல் திரும்பியிருந்தது. வேலையில் சேர்ந்தபோது வாங்கிய பான் என்கிற வரி அட்டையில் அவள் பெயருக்கு முன்னால் அம்மாவின் இனிஷியல். பள்ளி நாளில் திறந்த வங்கிக் கணக்கிலோ அப்பாவுடையது. அந்த மனிதர் இவர்களை விட்டுப்போய் யுகமாகிறது, எழுத்து மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தது.

இருவரும் வங்கிக்குப் போனார்கள். மேலாளர் நல்ல பெண்தான்.

"இங்க மாத்தணும்னா மேலிடம் போய் வரணும், மாசக்கணக்கா இழுக்கும். அப்புறம் ரீஃபண்டுக்கு மறுபடி கேக்கணும். வரி அட்டையில அப்பா எழுத்தையே போட்டுட்டீங்கன்னா சட்டுனு முடிஞ்சிடும்."

"போட்டுத் தொலைடி," என்றாள் வேன்காரம்மா. "ஒத்த எழுத்துதானே. வண்டி நிக்குதுல்ல?"

மகள் அம்மா பக்கம் திரும்பவே இல்லை. "மேடம், எனக்கு ஃபீஸ் கட்டுனது, காய்ச்சல்ல கண்ணு முழிச்சது எல்லாம் இந்த எழுத்துதான். அந்த எழுத்து ஒருநாள்கூட எட்டிப் பாக்கல. நீங்க இங்கயே மாத்துங்க. லேட்டானா ஆகட்டும். அதுவரைக்கும் எங்கம்மா வேற வேன வாடகைக்கு எடுத்து ஓட்டட்டும், வாடகைய என் சம்பளத்துல நான் குடுக்குறேன்."

மேலாளர் விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார்.

வாசலுக்கு வருவதற்குள் மெக்கானிக் போனில் பிடித்துக்கொண்டான். "என்னக்கா, பணம் வந்துச்சா? இன்னும் என்னதான் பண்றாங்களாம்?"

வேறு நாளாக இருந்தால் அரசாங்கத்தைக் கிழி கிழியென்று கிழித்திருப்பாள். இன்று அவளுக்குப் பெருமை நெஞ்சு கொள்ளவில்லை.

"எம்பேர எழுதிக்கிட்டிருக்காங்க தம்பி," என்றாள். "நிதானமா எழுதட்டும்."