மணல் தேய்த்த இடம்

மணல் படக்கூடாது. வேறு எதன்மேல் பட்டாலும் இதன்மேல் படக்கூடாது. கீழே வைக்குமுன் தார்ப்பாயை விரி. இழுக்காதே, தூக்கு. கூடப் பிடிக்க ஆள் இல்லையென்றால் ஆள் வரும்வரை நில். விழுந்தால் நீ விழு, பாய்மரத்தை விழவிடாதே. மனுசத் தோலு ஆறிரும்க்கா, இதோட தோலு ஆறாது.

கடைசியில் 'அக்கா' என்று வந்ததைக் கவனித்த மெர்லின் நடையை நிறுத்தினாள். தம்பி லியோன் விட்டுப்போன செல்போனில் நாற்பதுக்கும் மேற்பட்ட வீடியோக்கள் இருந்தன. திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஞாயிறுதோறும் பாய்ப்பலகை, அதாவது விண்ட்சர்ஃபிங், பழக வந்தவர்களுக்காக அவன் எடுத்தவை. அவற்றில் சார் உண்டு, மேடம் உண்டு, ஃப்ரண்ட்ஸ் உண்டு. எதிலுமே அக்கா இல்லை. கேட்டுக் கேட்டு மனப்பாடமான குரல் இப்போது தானாகவே பேசத் தொடங்கிவிட்டது. உயிரோடு இருந்தபோது, "ஒரு நாளாச்சும் ஏறிப் பாருக்கா" என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பான். மருந்துக்கடையில் எட்டு மணிநேரம் நின்றுவிட்டு வருகிறவளுக்கு கடல் எதற்கு என்று இவள் சிரித்துவிடுவாள்.

"என்னக்கா, கனமா இருக்கா? கீழ வச்சிரவா?" பலகையின் முன்மூக்கைப் பிடித்திருந்த வலைக்காரப் பையன் ராக்கன் திரும்பிப் பார்த்தான்.

"வைக்காத. நட."

"பச்சப்புள்ளயக்கூட இப்படி யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாக. ஒங்களுக்குப் போர்டு ஓட்டப் பழக ஆசையா, தூக்கப் பழக ஆசையான்னே எனக்குப் புரியல."

"வாய மூடிட்டு நடடா."

கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே அந்தக் கடல் அலையில்லாத கடல். இடுப்பளவுத் தண்ணீருக்கே நூறு அடி நடக்க வேண்டும். அதுவரை பலகையைத் தண்ணீரில் விடவும் கூடாது. அடியில் மீன்துடுப்புபோல இருக்கும் ஃபின் தரையில் தட்டினால் அது பொருந்திய இடம் விரிசல் விடும், விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் ஊறும் என்று லியோன் ஒரு வீடியோவில் சொல்லியிருந்தான். பலகையின் மூக்கில் மீன்வலை மிதவைகள் எட்டை வரிசையாகக் கோத்து, பழைய மெத்தையின் ஸ்பாஞ்சைச் சுற்றி, ராக்கன் கட்டிக்கொடுத்திருந்தான். பழகுகிறவர்கள் முன்பக்கம் விழும்போது பாய்மரம் வந்து அடிப்பது அந்த மூக்கில்தான். அந்தக் கட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பள்ளம் இருந்தது. போன ஆவணியில், லியோனைக் கடைசியாகக் கொண்டுபோன அன்று விழுந்த பள்ளம். பலகை இரண்டு மைல் வடக்கே தானாகக் கரை ஒதுங்கியது. லியோன் மறுநாள் மதியம் நண்டுவலைக்காரர்கள் கண்ணில் பட்டான். நெற்றியில் அடி.

விபத்து என்று போலீஸ் எழுதிக்கொண்டது. ஊர் அப்படி எழுதிக்கொள்ளவில்லை. மாலத்தீவில் நாலு வருடம் வெள்ளைக்காரனுக்கே சொல்லிக்கொடுத்தவன், கழுத்தளவுத் தண்ணீரில் சாவானா? ஸ்வீட்டியோடு பேசி முடித்த நிச்சயம் முறிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லையே. இப்படி யாரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் மெர்லின் சண்டையாவது போட்டிருப்பாள். கோயிலில் பூசையின்போது சமாதானம் சொல்லிக் கை கொடுக்கையில், அவள் அம்மா அருள்ராணியின் கையை மட்டும் ஒரு நொடி கூடுதலாகப் பிடித்திருந்துவிட்டு விடுவார்கள். அந்த ஒரு நொடிக்குள் அத்தனையும் இருந்தது.

தானாகப் போனானா, தவறிப் போனானா. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் மெர்லின் பலகையில் ஏறினாள். அவன் நின்ற இடத்தில் நின்றால் தெரியும் என்று நினைத்தாள். ஏறவிடுமுன் அம்மா ஒரே ஒரு சொல் வாங்கிக்கொண்டாள்: "அவன் பொருளு. ஒரு கீறல் விழுந்துச்சுன்னா நான் மனுசியா இருக்கமாட்டேன்."

இடுப்பளவில் நின்று பாயைப் பூட்டும்போது மெர்லின் கேட்டாள். பழகத் தொடங்கிய பதினோரு ஞாயிறும் கேட்ட அதே கேள்வி.

"அன்னிக்கு நீ பாத்தத இன்னொரு தடவ சொல்லு ராக்கா."

ராக்கன் முகம் சுருங்கியது. "எத்தன வாட்டிக்கா சொல்றது? நான் வல எடுக்கப் போயிட்டிருந்தேன். அண்ணன் அந்தா, அங்கிட்டு ஒக்காந்து போர்டுக்கு மேல ஈர மணல அள்ளிப் போட்டுத் தேச்சுக்கிட்டு இருந்துச்சு. நல்லாப் பாத்திரம் வெளக்குற மாதிரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருச்சு. ஒரு பொட்டு மணலோட காலை வச்சாலே நம்மள வெரட்டி அடிக்கிற ஆளு. என்னண்ணே இதுன்னேன். ஒண்ணுமில்லடா, போடான்னுச்சு."

"சிரிச்சானா?"

"சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. இல்ல, அழுத மாதிரியா... தெரியலக்கா. எனக்கு என்னமோ, இனிமே இது எதுக்குன்னு நெனச்சவரு மாதிரி பட்டுச்சு."

அங்கேதான் எப்போதும் அவள் சிக்கிக்கொள்வாள். அந்த இடம் பலகையில் இன்னும் இருந்தது. பலகையின் மேல்பரப்பு கால் வழுக்காமலிருக்க உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். முன்னங்கால் வைக்குமிடத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு அது மழுங்கி, வெளிறி, கோடு கோடாகக் கீறியிருந்தது. வேறு எங்கும் ஒரு கீறல் கிடையாது. பலகையைக் கண்ணாகப் பார்த்தவன், கடைசி நாள் காலையில் தன் கையாலேயே அதைச் சிதைத்திருக்கிறான். பொருளின் மேல் ஆசை விட்டுப்போனவன் செய்கிற காரியமில்லாமல் அது வேறென்ன? ஊர் வாயை அடைக்க எத்தனையோ சொல்லலாம். இந்த ஒரு சாண் இடத்தின் வாயை எதைக்கொண்டு அடைப்பது?

அவள் ஏறினாள். அந்த இடத்தில் பாதம் வைக்கும்போதெல்லாம் கூசும், தூங்குகிறவன் நெஞ்சில் மிதிப்பதுபோல. கயிற்றை இழுத்துப் பாயைத் தண்ணீரிலிருந்து எழுப்பினாள். தெற்கத்திச் சோழகக் காற்று பாயில் நிறைந்ததும் பலகை மெல்ல நகர்ந்தது. கரை பின்வாங்கியது, ராக்கன் சின்னவனானான். அப்போதெல்லாம் வருவதுபோல அன்றும் அந்த உணர்வு வந்தது: பலகையின் பின்பக்கம் இன்னொருவர் நிற்பதுபோல ஒரு கனம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் விழுந்துவிடுவோம் என்பது ஒரு காரணம். யாரும் இல்லாமல் இருந்துவிடுமோ என்பது இன்னொன்று.

காற்று நின்றது. பிறகு ஒரேயடியாக வந்தது.

என்ன நடந்தது என்று தெரிவதற்குள் நடந்து முடிந்துவிட்டது. கைகள் பாயைப் பிடிக்கும் கழியை விடவில்லை. பாய் அவளை வாரி முன்னால் எறிந்தது, நெற்றியில் ஏதோ இடித்தது, கீழே எங்கோ பொத்தென்று ஒரு சத்தம். தண்ணீருக்குள் கண் திறந்தபோது கடல்புல் பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது. எழுந்து நின்றால் தண்ணீர் கழுத்துவரைதான். நிற்க வேண்டும் என்பது மட்டும் சற்று நேரம் அவளுக்குத் தோன்றவே இல்லை.

ராக்கன் நீந்தி வருவதற்குள் அவள் பலகையின் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தாள். ஸ்பாஞ்சு பிய்ந்து இரண்டு மிதவைகள் நசுங்கியிருந்தன. அதற்குக் கீழே ஒன்றும் ஆகவில்லை.

"போர்டு கெடக்கட்டும்க்கா! ஒங்க நெத்தி புடைச்சிருக்கு, அதப் பாருங்க மொதல்ல!"

"ராக்கா, நான் சாகணும்னு நெனைக்கவே இல்லடா. நெனைக்க நேரமே இல்ல."

"கோட்டி கீட்டி பிடிச்சிருச்சா? கரைக்கு வாங்க."

இப்படித்தான் ஆகியிருக்கும். மூச்சு இழுக்கிற நேரம்கூட இல்லை. ஆனால் அவள் பழகுகிறவள், கழியை விடத் தெரியாதவள். அவன் எப்படி விழுந்தான்? அந்த மணல்? பலகையை இருவருமாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கையில், பாதி விடை கிடைத்தது ஒன்றுமே கிடைக்காததைவிடக் கொடுமையாக இருந்தது.

அருள்ராணி கொல்லைப்புறக் கொட்டகையில் நின்றிருந்தாள். ராக்கன் பலகையைப் பழைய மெத்தைமேல் வைத்து, போர்வையால் மூடிவிட்டு நழுவினான். அம்மா முதலில் பலகையைத்தான் பார்ப்பாள் என்று மெர்லின் நினைத்தாள். அம்மா நெற்றியைப் பார்த்தாள்.

"விழுந்தியா?"

"லேசாத்தான்மா. போர்டுக்கு ஒண்ணும் ஆகல."

அருள்ராணி உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது, அடியில் ஒரு விரற்கடை எண்ணெய். ஆவூர்ப் பக்கம் அவள் பிறந்த ஊர்த் திருவிழாவில் மந்திரித்து வாங்கிவந்தது. சாம்பிராணியும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்த வாசம் மெர்லினுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். காய்ச்சல் என்றால் நெற்றியில், பரீட்சை என்றால் நெற்றியில். அம்மா விரலை நனைத்து அவள் வீக்கத்தின்மேல் சிலுவை போட்டாள். மெர்லின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கோயில் உபதேசியார் வந்துட்டுப் போனாரு," என்றாள் அம்மா, விரலை எடுக்காமலே. "வருசப் பூசைக்குப் பேரு எழுதணுமாம். விபத்தில் இறந்தன்னு போடவா, வெறுமனே காலமானன்னு போடவான்னு கேக்குறாரு. நான் யோசிச்சுச் சொல்றேன்னேன். இதுல யோசிக்க என்னடி இருக்கு? ஆனா யோசிச்சுச் சொல்றேன்னுதான் வாயில வந்துச்சு."

"அம்மா..."

"நீதான் இப்ப அது மேல நின்னு பாக்குறியே. சொல்லு. அவன் தானாப் போனானா?"

ஒரு வருடமாக வீட்டுக்குள் அந்தக் கேள்வி இருந்தது. யாரும் அதை வாயால் தொட்டதில்லை. மெர்லின் வாய் திறப்பதற்குள் அம்மாவே பேசிக்கொண்டு போனாள், பதிலுக்குப் பயந்தவள்போல.

"எனக்கு ஒரே ஆறுதல் என்னன்னா, சாமி அவன்கூடத்தான் இருந்திருக்கும். மொதநாள் சாயங்காலம் அவன் குளிக்கப் போயிருந்தான். நெத்தியில போடவிடமாட்டான்ல, சின்னப்புள்ளையா நானும்பான். அதான் அவனுக்குத் தெரியாம அவன் நிக்கிற எடத்துல இந்த எண்ணெயப் பூசிவிட்டேன். மொதக் காலு எங்க வைப்பான்னு எனக்குத் தெரியாதா? சிலுவ போட்டு, சூடு பறக்கத் தேச்சேன். நல்லா உள்ள எறங்கட்டும்னு. வழுக்கிகிழுக்கி விழாமப் பாத்துக்க மாதாவேன்னு சொல்லிக்கிட்டேதான் தேச்சேன்."

மெர்லின் கண்ணைத் திறந்தாள்.

வெளியே ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அம்மாவின் விரல்நுனி மினுமினுத்தது.

அந்த ஒரு சாண் இடம் அவளுக்குள் மெல்லத் திறந்துகொண்டது. அவன் காலையில் பலகையைத் தூக்கும்போதே வாசம் தெரிந்திருக்கும். கை வைத்ததும் யார் வேலை என்றும் தெரிந்திருக்கும். எண்ணெய்க்கு மணல் போதாது, சோப்பு வேண்டும். மருந்துக்கடைக்காரிக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும். சோப்புக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் அம்மா எதற்கு என்று கேட்பாள். அதனால் கரையிலேயே உட்கார்ந்து, தன் வாழ்நாளில் செய்யாததைச் செய்தான். ஈர மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தான். சாக நினைத்தவன் கால் வழுக்கும் என்று கவலைப்படுவானா? அவன் நிற்கத்தான் பார்த்திருக்கிறான். ராக்கன் பார்த்தது சிரிப்புத்தான். அம்மாவை நினைத்து வந்த சிரிப்பு.

தேய்த்தும் போகவில்லை.

இத்தனை நாள் தேடியது கையில் கிடைத்துவிட்டது. இதை எடுத்துக் கொடுத்தால் ஊர் வாய் அடைந்துவிடும், உபதேசியாருக்குச் சொல் கிடைத்துவிடும், லியோன் குற்றமற்றவனாக எழுந்துவிடுவான். அவன் எழுகிற அதே நொடியில் இந்தக் கொட்டகையில் குப்பியோடு நிற்கிறவள் விழுந்துவிடுவாள். பிறகு அவளை எழுப்ப யாராலும் முடியாது.

"விபத்துன்னு எழுதச் சொல்லுங்கம்மா," என்றாள் மெர்லின்.

"நெசமாத்தான் சொல்றியா?"

"தவறித்தான் விழுந்தான். இன்னிக்கு நான் விழுந்தேன்ல, அதே மாதிரி. நெனைக்கக்கூட நேரமிருக்காது."

அருள்ராணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல், தோள்கள் குலுங்க அழுதாள். மெர்லின் அவள் முதுகில் கை வைத்தாள். தடவவில்லை, வைத்திருந்தாள். ஒரு வருடமாக அந்த முதுகு எவ்வளவு இறுகியிருந்தது என்று அது தளர்ந்தபோதுதான் தெரிந்தது.

அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அம்மா குப்பியைச் சாய்த்து மிச்சத்தை உள்ளங்கையில் ஊற்றினாள். மூடிக்கிடந்த பலகையின் பக்கம் குனிந்தாள்.

"அந்தப் போர்வைய எடு. நீயும் விழுந்து எந்திரிச்சு வாரவ. நீ நிக்கிற எடத்துலயும் தேச்சுவிட்டுர்றேன்."

மெர்லின் போர்வையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா."

"ஏன்டி? மந்திரிச்ச எண்ணெய வேணாம்பாகளா?"

அம்மாவின் கை காத்திருந்தது. எண்ணெய் ரேகைகளில் இறங்கி மணிக்கட்டுப் பக்கமாக வழிந்தது.

"வேணாம்மா," என்றாள் மெர்லின் மறுபடியும், அதே குரலில். போர்வையை விடவில்லை.