வானொலியில் விட்டுப்போன முகவரி

அந்தப் பேச்சு சமையலறையில் நடந்ததா, கிறிஸ்டியைக் கிடத்தியிருந்த முன்னறையிலா என்பது எனக்கு இப்போது உறுதியாக நினைவில்லை. அயர்லாந்தின் லிமெரிக் நகரத்தில் சாவு வீடென்றால் எல்லா அறையிலும் தேநீர்க் கோப்பைகள்தான். அடுத்த வீட்டுக்காரனான நானும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடக்க ஏற்பாடுகளைக் கவனிக்கும் டியெர்னி, காலை வானொலியின் மரண அறிவிப்புக்காகக் கிறிஸ்டியின் மனைவி நோரினிடம் விவரம் கேட்டார்.

"கிறிஸ்டி ஹார்ட்னெட், கில்ரோ குடியிருப்பு. சரிதானே நோரின் அக்கா?"

மகள் ஜசிந்தா குறுக்கிட்டாள். "கில்ரோ வேணாம். லிமெரிக்னு மட்டும் சொல்லுங்க."

"லிமெரிக்ல எத்தன கிறிஸ்டி ஹார்ட்னெட்டும்மா! நானே ரெண்டு பேரப் பொதச்சிருக்கேன்."

நோரின் மகளைப் பார்த்தாள். "இந்த வீட்டுலதான் வாழ்ந்தாரு, இங்கதான் செத்தாரு. அதச் சொல்ல உனக்கென்னடி கூச்சம்?"

ஜசிந்தா ஓர் ஓட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். "இந்த முகவரியோட அங்க மனுப் போட்டேம்மா, பதிலே இல்ல. சித்தி வீட்டு முகவரி போட்டேன், அந்த வாரமே கூப்பிட்டாங்க. மேனேஜர் தினமும் ரேடியோ கேப்பாரு. கில்ரோக்காரங்க திருட்டுக் கூட்டம்னு சொல்லிச் சிரிப்பாரு." குரல் இறங்கியது. "நானும் கூடச் சிரிச்சிருக்கேன்."

"இதுக்கெல்லாம் சட்டம் இல்லையா?" என்று கேட்டாள் நோரின்.

தொழிற்சங்கத்தில் இருந்த மகன் ஃபின்பார் சொன்னான்: "மதத்தச் சொல்லி ஒதுக்கினா கேஸு. நிறத்தச் சொன்னா கேஸு. வயசச் சொன்னாலும் கேஸு. ஏழைங்க தெருன்னு ஒதுக்கினா அந்தச் சட்டத்துல அதுக்கு எடமில்லம்மா."

கெட்டில் கொதித்து அடங்கியது.

"அவ சொன்னபடியே போடுங்க," என்றாள் நோரின். "செத்தவருக்கு வேல போகாது."

கிறிஸ்டி காலமெல்லாம் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவருடைய சவப்பெட்டியைக் கூட்டாளிகள் சுமப்பார்கள் என்றிருந்தோம். ஒருவரும் வரவில்லை, தெருக்காரர்கள்தான் தூக்கினோம். மறுவாரம் கடைத்தெருவில் பழைய கூட்டாளி பேட்சி, தாயையும் மகளையும் வழிமறித்தார்.

"கிறிஸ்டி எப்படி இருக்கான்? ரேடியோல அவன் பேரக் கேட்டு ஒரு நிமிஷம் பதறிட்டேன். நல்லவேளை, கில்ரோன்னு சொல்லல!"

ஜசிந்தா தலை நிமிரவில்லை. நோரின்தான் அவரிடம் உண்மையைச் சொன்னாள்.

மாத நினைவுத் திருப்பலி அறிவிப்பை ஜசிந்தாவே வானொலிக்குக் கொடுத்தாள். கில்ரோ என்று முழுதாகக் கொடுத்தாள். அன்று தேவாலயம் நிறையத் துறைமுகத்து ஆட்கள். சுமக்கத்தான் பெட்டி இல்லை.

"நீ கில்ரோவா?" என்று மேனேஜர் கேட்டாராம்.

"ஆமா சார். உங்களுக்குப் பயந்து எங்கப்பாவ மறைச்சேன், அதுக்கு நான் வெக்கப்படுறேன். ஆனா ஏழையாப் பொறந்தது வெக்கம் இல்ல. முகவரியப் பாத்து மனுவத் தூக்கிப் போடுறதுதான் வெக்கம். அதையும் குத்தம்னு சட்டத்துல எழுதணும்."

காரணம் சொல்லாமல் அவளைத் துணி வெளுக்கும் அறைக்கு மாற்றினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். ஃபின்பார் அந்தச் சட்டத் திருத்தத்துக்காக வீடுவீடாகக் கையெழுத்து வாங்குகிறான். மேனேஜர் மேனேஜராகவே இருக்கிறார். நோரின் அடுத்த குளிர்காலத்தில் இறந்தாள். வானொலி கில்ரோ என்றது. பேட்சி முன்னால் நின்று பெட்டியைச் சுமந்தார்.