இன்னும் ரெண்டு மில்லி

மாப்பிள்ளை லாரியைப் பின்பக்கமாக எடுத்து வந்து பட்டறை வாசலில் நிறுத்தி, பின்கதவை இறக்கிவிட்டான். உள்ளே இரும்பு கடையும் லேத்துக்குப் பக்கத்தில் பெஞ்சில் கிடத்தியிருந்த மாமனாரின் உடலை அதில் ஏற்ற வேண்டும். அவர் மனைவி எழுந்து வெளியே வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் கண் நேராக இடது பக்க முன்சக்கரத்துக்குப் போனது.

"அவர் பண்ணின சக்கரத்துலயே போகட்டும் அத்தை," என்றான் மாப்பிள்ளை. "மனுஷனுக்கு இதை விட வேற என்ன மரியாதை?"

நாலைந்து டிரைவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். டிரைவர்கள் மத்தியில் அவருக்கு 'அரைநூல்' என்றுதான் பேர். ஒரு கம்பெனி லாரியின் சக்கரத்தை வேறொரு கம்பெனி லாரிக்கு மாட்ட வேண்டுமென்றால் அவரிடம்தான் வருவார்கள். போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போனாலும் நடுத்துளை ஒத்துப்போகாது. அதை லேத்தில் ஏற்றி அகலப்படுத்தி, அச்சு முனையிலுள்ள ஹப்பில் கச்சிதமாக உட்காரும்படி செய்ய வேண்டும். துளை தளர்ந்துபோனால் வண்டியின் பாரம் ஹப்பை விட்டுப் போல்ட்டுகளின் மேல் இறங்கும். பாரத்தோடு ஒரு நாள் போல்ட் அறும், சக்கரம் தனியே ஓடும். அதனால் அரை நூல் கூடினாலும் அந்தச் சக்கரத்தைத் தூக்கிப் பழைய இரும்பில் போட்டுவிடுவார். பெண்டாட்டி சொல்லைக் கேட்காத மனுஷன், அளவு சொன்னதைக் கேட்பார்.

இரண்டு வருஷமாக அவருக்குக் கண் தெரியவில்லை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. துளையை அளக்கும் வெர்னியரின் கோடுகள் அவருக்கு வெறும் புகை. டாக்டரிடம் போகலாம் என்று அவள் எத்தனையோ முறை கெஞ்சினாள், திட்டினாள். "கண்ணு போனவன்னு பேர் வாங்கிட்டா அப்புறம் எவன்டி சக்கரம் கொண்டாருவான்?" என்று ஒரே பதில்தான். அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தார். "டீ ஆறிப்போச்சு," என்று பட்டறையிலிருந்து குரல் கொடுப்பார். அவள் பின்கட்டிலிருந்து வந்து, டம்ளரை எடுக்கிற சாக்கில் குனிந்து, அவர் துளைக்குள் பிடித்திருக்கும் வெர்னியரைப் படித்து மெதுவாகச் சொல்வாள். அவ்வளவுதான். மீதியைக் கை பார்த்துக்கொள்ளும். பார்க்கிறவர்கள், டீக்கே செத்துப்போவார் போலிருக்கிறது என்று சிரிப்பார்கள்.

நேற்று மாப்பிள்ளையின் முன்சக்கரம். காலையிலிருந்து நாலாவது தடவை டீ ஆறியது. குழாயில் தண்ணீர் வருகிற நேரம், குடம் பாதிதான் நிறைந்திருந்தது. இரண்டு வருஷமாக அடுப்பில் ஒரு காலும் பட்டறையில் ஒரு காலுமாக ஓடி அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. போனாள். டம்ளரைத் தொடவில்லை, குனியவும் இல்லை. போன தடவை இன்னும் நாலு மில்லிமீட்டர் வெட்ட பாக்கி இருந்தது, இதற்குள் இரண்டு குறைந்திருக்கும் என்று மனக்கணக்குப் போட்டு, "இன்னும் ரெண்டு மில்லி," என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள்.

ராத்திரி சாப்பாட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"சக்கரம் சுத்தியால தட்டினாத்தான் ஏறணும். கையாலயே ஏறிடுச்சு."

அவள் குழம்பை ஊற்றினாள்.

"மாப்பிள்ளை சாப்பிடப் போயிருந்தார். தகடு வெட்டி உள்ள சுத்திவிட்டு மாட்டிட்டேன். காலையில போன் பண்ணி வரச்சொல்லி வேற சக்கரம் போட்டுடறேன். அதுவரைக்கும் வண்டி வீட்டுலதான் நிக்கும். நீ வாயத் திறக்காத." கொஞ்சம் விட்டு, "நீ பார்த்துத்தானே சொன்னே?" என்றார்.

"பார்க்காம சொல்வாங்களா?" என்று அவள் சீறினாள்.

அவர் கை கழுவ எழுந்துபோனார். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். போன் பண்ணினார்கள்தான். சக்கரத்துக்காக இல்லை.

"அடக்கம் முடிஞ்சதும் நான் அப்படியே மலைக்கு லோடு ஏத்தப் போகணும் அத்தை," என்றான் மாப்பிள்ளை. "தப்பா எடுத்துக்காதீங்க, விட்டா வேற வண்டி போட்டுடுவாங்க. இவளை வழியில இறக்கிவிட்டுடறேன்."

மகள் அழுத முகத்தோடு கேபின் படியில் கால் வைத்தாள்.

மாப்பிள்ளையிடம் சொல்லாமல் போன பாவி, என்று அம்மாவுக்கு ஆத்திரமாக வந்தது. செத்த பிறகும் டீ ஆறிப்போச்சு என்று கூப்பிடுகிறார்.

"இறங்குடி," என்றாள். "மாப்பிள்ளை, அந்த முன்சக்கரத்தைக் கழட்டுங்க."

"எதுக்கு அத்தை?"

அவள் நாக்கில் இரண்டு பதில்கள் இருந்தன. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"அவருக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு வருஷமாத் தெரியாது. தப்பா வெட்டிட்டார். உள்ள தகடு வச்சு மறைச்சிருக்கு."

கூட்டம் சக்கரத்தைச் சுற்றி நெருங்கியது. பிறகு ஒரு டிரைவர், "என் வண்டியில நாலு சக்கரம் இவர் வெட்டினதுதான்யா," என்றான் பக்கத்திலிருந்தவனிடம். சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தன் வண்டியைப் பார்க்கப் போனான். அவனைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் போனார்கள். முப்பது வருஷம் சேர்த்த பேர், மூன்று ஜோடிச் செருப்பில் போய்விட்டது.

மாப்பிள்ளை ஜாக்கி போட்டு நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை இழுத்தான். பிடிவாதமே இல்லாமல் கையோடு வந்தது. வளைந்த தகடு ஒன்று தரையில் விழுந்து ஆடி அடங்கியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தன் மனைவி ஏறவிருந்த படியை ஒரு தடவை பார்த்தான்.

மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "இத்தனை நாளும் இதை நீ ஒத்தையா சுமந்தியாம்மா?"

அந்தக் கை பட்ட இடமெல்லாம் அவளுக்கு எரிந்தது.

பக்கத்து லேத்துக்காரருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அரைநூலிடம் தொழில் போட்டி போட்டு முப்பது வருஷம் தோற்றவர். உள்ளே போய் வெர்னியரை எடுத்து வந்து, ஹப்பை அளந்துவிட்டுத் துளையில் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார். சுற்றிலும் ஐந்தாறு இடத்தில் வைத்தார்.

"அண்ணி, எங்க வச்சாலும் ரெண்டு மில்லிதான் கூட இருக்கு. மயிரிழை அங்க இங்க இல்லை. அண்ணன் கை தப்பலை. யாரோ சொன்ன அளவை அப்படியே வெட்டியிருக்கார்." நிமிர்ந்து வெர்னியரை அவள் பக்கம் நீட்டினார். "கண்ணு தெரியாதுன்னா, அளவு யார் பார்த்தது?"

மகளின் கை இன்னும் தோளில் இருந்தது.

"அவரேதான் பார்த்தார்," என்றாள் அவள், வெர்னியர் பக்கம் திரும்பாமலே.

லேத்துக்காரர் துளையின் விளிம்பை விரலால் தடவினார். பிறகு வெர்னியரின் வாயை மூடி, தன் சட்டையிலேயே துடைத்தார். "என் வேனைக் கொண்டாறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு பக்கம் ஜாக்கியில் நின்ற லாரியைச் சுற்றிக்கொண்டு நாலு பேர் அரைநூலைத் தூக்கிப் போய் வேனில் ஏற்றினார்கள். பட்டறை காலியானது. லேத்தின் ஓரத்தில் நேற்றைய டம்ளர் அப்படியே இருந்தது, டீயின் மேல் ஆடை படிந்திருந்தது.

"வாம்மா, வண்டி கிளம்புது," என்று மகள் வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"வரேன்," என்று சொல்லி, அவள் டம்ளரை எடுக்கப் போனாள். எடுக்கும்போது பழக்கத்தில், வெர்னியரைப் படிக்கிற மாதிரி, லேத்தின் பக்கம் நன்றாகக் குனிந்தாள்.